டின் பீச் காப்ளர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன வாரம் பீச் காப்ளர் (பழமும் மாவும் சேர்த்துச் சுடும் அமெரிக்க இனிப்பு) அளவைச் சொன்னேன், அன்றிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுதிவிடலாம் என்று இன்று மதியத்தை ஒதுக்கி வைத்தேன். இதை நான் கற்றது அட்லாண்டாவில், குடிபோன முதல் ஜனவரியில், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம். ஜார்ஜியாவில் பீச் மே நடுவில் ஆரம்பித்து ஆகஸ்டோடு முடிந்துவிடும், இந்தக் குளிரில் பழத்துக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு அவர் அலமாரியைத் திறந்து அடுக்கி வைத்திருந்த டின்களைக் காட்டினார். இதற்கென்று தனியாகக் கடைக்குப் போகக் கூடாது, வீட்டில் இருப்பதை வைத்துச் செய்வதுதான் காப்ளர் என்பது அவர் கட்சி. பதினோரு வருஷமாக என் கட்சியும் அதுதான்.

அளவைத் தவறவிட்டவர்களுக்கு இன்னொரு முறை. மைதா ஒரு கப், சர்க்கரை ஒரு கப், பால் ஒரு கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், வெண்ணெய் 113 கிராம் (அங்கே ஒரு ‘ஸ்டிக்’ என்பார்கள்), பீச் டின் பெரியது ஒன்று, 820 கிராம் சொச்சம். கப் என்றால் 240 மில்லி. ஓவனை 180 டிகிரிக்குச் சூடு பண்ணி, வெண்ணெயை அடுப்பில் உருக்கி 9 அங்குலச் சதுரப் பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். மாவு, சர்க்கரை, உப்பு, பேக்கிங் பவுடரைக் கலந்து பாலை ஊற்றிக் கரைத்தால் தோசை மாவு பதத்துக்கு வரும். அதை உருகிய வெண்ணெயின் மேல் ஊற்றி, அதன் மேல் வடித்த பழத்தைப் பரப்பி, பட்டைப் பொடி தூவி உள்ளே வைத்தால் 45லிருந்து 55 நிமிடம். அவ்வளவுதான் வேலை.

அக்கா, இது கேக்கா, பையா, புட்டிங்கா? கிரிஸ்ப், கிரம்பிள் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. ‘பை’ (pie) என்ற பண்டத்தில் அடியிலும் மாவுத் தட்டு இருக்கும், காப்ளரில் அநேகமாக அடித்தட்டு கிடையாது. கிரிஸ்ப், கிரம்பிள் இரண்டிலும் மேலே உதிரி உதிரியாக வெண்ணெய் பிசிறிய மாவு, கிரிஸ்பில் பெரும்பாலும் ஓட்ஸும் சேரும். நான் சொன்ன காப்ளர் மேலே மொறுமொறுப்பும் நடுவில் கேக்கும் அடியில் பாகுமாக மூன்று பதத்தில் வரும், கரண்டியால் அள்ளித்தான் போட வேண்டும், துண்டு போட வராது.

நீங்கள் கலக்காதே என்று சொன்னதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வைத்துவிட்டேன். களி மாதிரி வந்தது. ஏன் அப்படி?

இதைக் கேட்டதற்கு நன்றி, காப்ளரின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. வெண்ணெய் அடியிலும் ஓரங்களிலும் தனியாக நிற்க வேண்டும், அது சூடாகும்போது மாவின் ஓரம் அந்த வெண்ணெயிலேயே பொரிகிறது, பணியாரக் குழியில் விளிம்பு சிவப்பது போல. பழம் கனம், மெல்ல உள்ளே இறங்கும், பேக்கிங் பவுடரால் உப்பும் மாவு அதைச் சுற்றி ஏறி மூடிவிடும். முதல் இருபது நிமிடத்தில் கண்ணாடிக் கதவு வழியே பாருங்கள், மஞ்சள் வெண்ணெய் ஓரத்தில் குமிழ்விட்டு நிற்க, பீச் துண்டுகள் ஒவ்வொன்றாக மறைய ஆரம்பிக்கும், எத்தனை முறை செய்தாலும் அங்கேயே நின்று பார்க்கத் தோன்றும். கலக்கிவிட்டால் வெண்ணெய் மாவுக்குள் போய்விடுகிறது, பழச்சாறு மாவை நீர்க்க வைக்கிறது, பொரிய எண்ணெய்ப் பசையும் இல்லை, உப்பத் தெம்பும் இல்லை. அதனால்தான் களி. வெண்ணெய், மாவு, பழம், இந்த வரிசையில் போட்டுவிட்டுக் கரண்டியைக் கழுவி வைத்துவிடுங்கள்.

டின்னில் இருக்கும் பாகையும் சேர்த்து ஊற்றலாமா? கொட்ட மனசு வரவில்லை.

முழுவதும் ஊற்றினால் நடுப்பகுதி வேகவே வேகாது. மூன்று, நான்கு டேபிள்ஸ்பூன் மட்டும் பழத்தோடு விடுங்கள். கெட்டிப் பாகில் போட்ட டின் என்றால் மாவில் சர்க்கரையை முக்கால் கப்பாகக் குறைக்கலாம். மீதியைக் கொட்ட வேண்டாம், ஒரு சின்னச் சட்டியில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, எலுமிச்சை நாலு சொட்டு விட்டு வைத்தால் பரிமாறும்போது மேலே ஊற்றலாம். தண்ணீர் சேர்த்துக் குளிர வைத்தால் சர்பத்தும் ஆகும்.

மதுரையில் டின் பீச் வாங்கினால் விலை கையைக் கடிக்கிறது. மாம்பழத்தில் செய்யலாமா அக்கா?

தாராளமாக. அந்தப் பெரியம்மாவின் பேச்சுப்படி பார்த்தால், ஊரில் மாம்பழம் குவிந்து கிடக்கும்போது டின் பீச் தேடுவதுதான் தப்பு. பங்கனப்பள்ளி நல்லது, நார் இல்லை, வெட்டினால் துண்டு துண்டாக நிற்கும். மல்கோவா சாப்பிடத்தான், ஓவனில் வைத்தால் கரைந்துவிடும். பழுத்திருக்க வேண்டும், ஆனால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். மூன்று கப் துண்டுகளுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார் பிரட்டி பத்து நிமிடம் வையுங்கள். எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள், புளிப்பு இல்லாத பழம் வெந்தால் வெறும் தித்திப்பாக மழுங்கிப்போகும். பட்டைக்குப் பதில் ஏலக்காய் போடலாம். மாம்பழக்கூழ் டின் மட்டும் வேண்டாம், அதில் துண்டே இல்லை, மாவோடு கலந்து களியாகிவிடும்.

அன்னாசி என்றால் டின் அன்னாசி அப்படியே போடலாம். பச்சை அன்னாசியை ஐந்து நிமிடம் சர்க்கரையோடு கொதிக்கவிட்டு ஆறவைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அதிலுள்ள நொதி பாலைக் கசக்க வைத்துவிடும்.

அமெரிக்கக் குறிப்புகளில் ‘செல்ஃப் ரைசிங்’ மாவு என்று வருகிறது. இங்கே கடையில் கேட்டால் முழிக்கிறார்கள். வீட்டில் பேக்கிங் பவுடர்கூட இல்லை, ஆப்ப சோடா மட்டும்தான் இருக்கிறது.

பேக்கிங் பவுடரும் உப்பும் முன்பே கலந்து விற்கும் மைதாதான் அது. அமெரிக்கத் தெற்கில் அநேகம் வீட்டில் இருக்கும், அதனால்தான் அங்கே காப்ளர் இத்தனை சுலபம். ஒரு கப் மைதாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு, கணக்கு தீர்ந்தது. சோடாதான் இருக்கிறது என்றால் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக எடுத்து மாவில் கலந்து, பாலில் முக்கால் டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு ஊற்றுங்கள், புளிப்பு சேர்ந்தால்தான் சோடா வேலை செய்யும், சேராவிட்டால் சோப்பு வாடை வரும். கலந்த உடனே ஓவனுக்குள் போக வேண்டும்.

இன்னொன்று. சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் திறந்த பேக்கிங் பவுடர் சீக்கிரம் செத்துவிடும். அரை டீஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள், சுறுசுறுவென்று பொங்கினால் சரி, சும்மா கரைந்தால் தூக்கிப் போடுங்கள்.

எங்கள் வீட்டில் முட்டை சேர்க்க மாட்டோம். பெரியவர்கள் இருக்கிறார்கள். முட்டைக்குப் பதில் என்ன போட?

ஒன்றும் போட வேண்டாம், இந்தக் காப்ளரில் முட்டையே கிடையாது. பால் ஆகாதவர்கள் இருந்தால் கெட்டித் தேங்காய்ப்பாலும், வெண்ணெய்க்குப் பதில் 90 கிராம் தேங்காய் எண்ணெயும் வைத்துச் செய்யலாம், மாம்பழத்தோடு அது நன்றாகவே சேரும்.

நெய்யில் செய்தால்? வீட்டில் நெய்தான் நிறைய இருக்கிறது.

செய்யலாம், ஆனால் அதே எடை போடாதீர்கள். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு போலத் தண்ணீர், நெய்யில் அது இல்லை. 90 கிராம் போதும். கடை வெண்ணெய் உப்பு போட்டது என்றால் தனியே உப்பு வேண்டாம்.

ஏம்மா, எங்கள் வீட்டில் ஓவனே இல்லை. குக்கரில் உப்பு கொட்டி கேக் செய்வார்களே, அப்படி வருமா?

வரும் அம்மா, ஆனால் மேல்பக்கம் வெளுத்துத்தான் இருக்கும், நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். அடுப்பிலேயே செய்வதற்கென்று இதன் உறவுக்காரப் பலகாரம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கில், மாசசூசெட்ஸ் பக்கம், அதற்கு ‘கிரன்ட்’ என்று பெயர், ‘ஸ்லம்ப்’ என்றும் சொல்வார்கள். மூடியின் கீழே பழம் கொதிக்கும்போது முக்கி முனகுவது போலச் சத்தம் வருவதால் கிரன்ட் என்பார்கள்.

அடிகனமான அகலச் சட்டியில் பழத்தைச் சர்க்கரை, அரை கப் தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சை சேர்த்துக் கொதிக்க விடுங்கள். டின் பழம் என்றால் அதன் பாகே போதும். ஒரு கப் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, இதில் இரண்டு டேபிள்ஸ்பூன் வெண்ணெயை விரல் நுனியால் பிசிறி, அரை கப்புக்குச் சற்றுக் குறைவாகப் பால் விட்டுத் தளர்வாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அழுத்திப் பிசைய வேண்டாம். தளதளவென்று கொதிக்கும் பழத்தின் மேல் கரண்டி கரண்டியாக, இடைவெளி விட்டுப் போட்டு, இறுக்கமாக மூடி, சிறு தீயில் 15 நிமிடம். நடுவில் திறக்கவே கூடாது, ஆவி போனால் உருண்டை அமுங்கிவிடும். கொழுக்கட்டை வேகவைத்த கைக்கு இது பெரிய விஷயமே இல்லை.

மேலே நன்றாகச் சிவந்துவிட்டது, நடுவில் கரண்டி விட்டால் பச்சை மாவு. ஓடிஜியில் (மேசை மேல் வைக்கும் சின்ன ஓவன்) செய்தேன்.

மூன்று காரணம் இருக்கலாம். பழத்தில் தண்ணீர் அதிகம், பாத்திரம் சிறியது, அல்லது மேல் கம்பி பக்கத்திலேயே வைத்துவிட்டீர்கள். ஓடிஜியில் கீழ்த்தட்டுக்கு ஒரு படி மேலே வையுங்கள், மேல் சிவந்தவுடன் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். நேரத்தை மட்டும் நம்பாதீர்கள், ஓரத்தில் மட்டுமல்லாமல் நடுவிலும் சாறு குமிழ்விட்டு, பொன்னிறம் நன்றாக ஆழ்ந்த பிறகே எடுக்க வேண்டும். பழம் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு குச்சி விட்டால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். எடுத்த பிறகு இருபது நிமிடம் தொடக் கூடாது, அந்த நேரத்தில்தான் பாகு இறுகுகிறது.

உறைய வைத்த புளூபெர்ரி இருக்கிறது. பனி விடாமல் அப்படியே போடலாமா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். சூடான கண்ணாடிப் பாத்திரத்தில் ஐஸ் பழத்தைக் கொட்டினால் பாத்திரம் விரிசல் விடலாம், வெடிக்கவும் செய்யலாம். எனக்கே ஒரு முறை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலில் கரைத்த மாவை ஊற்றியதும் ‘டப்’ என்று குறுக்கே கீறல் விழுந்து, வெண்ணெய் ஓவன் அடியில் வழிந்து புகைந்தது. அதன் பிறகு வெண்ணெயைத் தனியாக அடுப்பில் உருக்கி, சூடாக்காத பாத்திரத்தில்தான் ஊற்றுகிறேன், பாலையும் முன்னதாகவே வெளியே எடுத்து வைக்கிறேன். வார்ப்பிரும்புச் சட்டி இருந்தால் இந்தக் கவலையே இல்லை. பழத்தைப் பனி விடவைத்து, வடித்து, ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார் பிரட்டிப் போடுங்கள், மாவு கொஞ்சம் ஊதா நிறமாகும், ருசிக்குக் குறைவில்லை.

மாமியாருக்குச் சர்க்கரை. கோதுமை மாவு போட்டு, சர்க்கரையே இல்லாமல் செய்து தரலாமா?

மனசில் இருப்பதைச் சொல்கிறேன், சர்க்கரையை முழுக்க எடுத்துவிட்டால் இது காப்ளராக வராது, மேல் மொறுமொறுப்பைத் தருவதே அதுதான். அரை கப் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே போனால் மேல்பக்கம் ரொட்டி போல ஆகிவிடும். மைதாவில் பாதிக்குக் கோதுமை மாவு போட்டு, பால் இரண்டு டேபிள்ஸ்பூன் கூட விடுங்கள். ஆனால் கோதுமை போட்டதால் சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்று நினைத்துவிட வேண்டாம், பழத்திலும் மாவிலும் இருப்பது எங்கும் போகவில்லை. அவருடைய டாக்டர் சம்மதித்தால் இரண்டு கரண்டி, சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக் கொடுங்கள்.

படங்களில் மேலே உருண்டை உருண்டையாக இருக்கிறதே. உங்களுடையது சமமாக இருக்கிறது. எது அசல்?

உருண்டையாக இருப்பது பிஸ்கட் காப்ளர். அங்கே பிஸ்கட் என்றால் நம் டீக்கடை பிஸ்கட் இல்லை, உப்பிய மெத்தென்ற ரொட்டி. மேலே கிரன்டுக்குச் சொன்ன அதே மாவைப் பழத்தின் மேல் கரண்டியால் வைத்து, 200 டிகிரியில் 25லிருந்து 30 நிமிடம் சுட்டால் அதுதான், கல் பாவிய தெரு மாதிரி இருக்கும். அங்கே இன்னும் சோம்பல்பட்டவர்கள் 1931ல் வந்த பிஸ்குவிக் என்ற தயார் மாவைக் கரைத்து வேலையை முடித்துவிடுவார்கள். அசல் எது என்ற வழக்கு ஓயாது, தெற்கிலேயே பை மாவைப் பட்டை பட்டையாக வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகப் போடும் வீடுகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது வெண்ணெயின் மேல் மாவு ஊற்றுவது.

மிச்சம் இருந்தால் எத்தனை நாள் வைக்கலாம்? சாப்பிட ஐஸ்கிரீம் கட்டாயமா?

ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள். மைக்ரோவேவில் வைத்தால் மேல்பக்கம் சொதசொதத்துவிடும், 160 டிகிரி ஓவனில் கால்மணி நேரம் வையுங்கள், ஓரம் மறுபடி மொறுமொறுக்கும். வெண்ணிலா ஐஸ்கிரீம் வைப்பது இப்போது வழக்கம், கட்டாயம் இல்லை. 1839ல் வந்த ஒரு கென்டக்கி சமையல் புத்தகம், பீச் காப்ளர் விருந்தாளிக்கு வைக்கும் நாகரிகப் பண்டமில்லை, வீட்டு மனிதர்களுக்கு அருமையானது, குளிர்ந்த பாலோடு கொடு என்கிறது. நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன், வெதுவெதுப்பான காப்ளர் கிண்ணத்தில், மேலே காய்ச்சிக் குளிர வைத்த பால் ஒரு சின்ன டம்ளர். பீச் துண்டு ஓரத்தில் பாகும் பாலும் சேர்ந்து நிற்கும், முதல் கரண்டியை அங்கிருந்து எடுங்கள்.