கடைசி வரைக்கும் ஐயர் வரல

அன்புள்ள மேடம், தோத்திரம்.

நான் திருநெல்வேலி பக்கம் ஒரு கிராமத்துல இருந்து எழுதுறேன், வயசு 58. எங்க வீட்டுக்காரர் 2021 மே மாசம் கொரோனால காலமானாரு. இத்தனை வருஷமாச்சு, மனசு ஆறவே மாட்டேங்குது. அவருக்கு எங்க கிறிஸ்தவ கோயில்னா உயிர், சேகர கமிட்டில (ஒரு போதகர் பாத்துக்கிற சபைகளோட கமிட்டி) இருந்தவரு, சபை விருந்தான அசனத்துக்கு அரிசி மூட்டை எங்க வீட்டுல இருந்துதான் போகும். அப்படிப்பட்ட மனுஷன் ஆக்சிஜன் பெட்ல கிடக்கும்போது எங்க சபை போதகர், ஐயர்னுதான் கூப்பிடுவோம், வந்து ஒரு ஜெபம் பண்ணல. போன்ல பண்ணினாரு, இல்லைன்னு சொல்லல, ஆனா அது எனக்கு, அவருக்கு இல்ல. அடக்கத்துக்கு வந்தாரு, தூரமா நின்னு வேகவேகமா வாசிச்சிட்டு போயிட்டாரு. பெட்டி கோயிலுக்குள்ள போகல, ஆஸ்பத்திரி வண்டில இருந்து நேரா கல்லறைத் தோட்டம். எத்தனை துக்க வீட்டுல முத ஆளா நின்னவரு தெரியுமா! எங்க வீட்டைப் பாத்ததும் சபை ஜனங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறிப் போனாங்க மேடம். "வாதை உன் கூடாரத்தை அணுகாது"ன்னு 91ம் சங்கீதத்த தெனமும் குடும்ப ஜெபத்துல வாசிச்ச வீடு இது.

கன்வென்ஷன்ல ஒருத்தர் சொன்னாரு, 1527ல ஜெர்மனி விட்டன்பர்க்ல பிளேக் வந்தப்போ, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்ச மார்ட்டின் லூதர் ஊர விட்டு ஓடாம இருந்தாராம். அப்போ எங்க ஐயருக்கு மட்டும் என்ன வந்துச்சு? எங்க மூத்தவ அதே ஆஸ்பத்திரில நர்ஸ், அன்னைக்கு ராத்திரி அந்த வார்டுல அவளுக்குத்தான் டியூட்டி, அப்பா கடைசில என்ன சொன்னாருன்னு இன்னிக்கு வரைக்கும் வாயத் திறக்கல, நானும் கேக்கல, ஒரே ஒருக்கா கோவத்துல "ஐயருக்கு போன் போட்டு அப்பா காதுல வச்சிருக்கக் கூடாதாட்டி"ன்னு கேட்டேன், அதுல இருந்து கோயிலுக்கு வருவா, திருவிருந்துல அப்பமும் ரசமும் வாங்குற நேரம் எழும்பி வெளிய போய் வேப்பமரத்தடில நிப்பா, அவ சுபாவமே அப்படி, அத விடுங்க. கோயில் தெறந்த பிறகும் ஐயர் எங்க வீட்டு நடை ஏறல. இப்போ வேற சேகரத்துக்கு மாறிப் போயிட்டாரு. அவர நான் மன்னிச்சுத்தான் ஆகணுமா?

---

அன்புள்ள அக்கா,

கடிதம் முழுக்க ஐயர்தான் இருக்காரு. மகளப் பத்தி ஒரே மூச்சுல சொல்லிட்டு "விடுங்க"ன்னுட்டீங்க. என்னால விட முடியல.

ஐயர் கதைய சீக்கிரம் முடிச்சிடுறேன். தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,000 கேஸ் வரைக்கும் போன மாசம் அது. அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல கூடக்கூடாது, உடல தொடக்கூடாது, தள்ளி நின்னு வேதம் வாசிக்கலாம், அவ்வளவுதான் விதி. வார்டுக்குள்ள வந்துட்டு அவரு அடுத்து போற வீட்டுல ஒரு வயசான அம்மா இருந்திருப்பாங்க. அதனால மே மாசம் அவர் வராதது சரிதான், நீங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. ஆனா ஜூலை 5ல கோயில் தெறந்தாச்சே, அதுக்கப்புறமும் ஒரு எட்டு வந்து உக்காராதது தப்பு, அதுக்கு எந்த விதியையும் காட்ட முடியாது. இதை அவருக்கே எழுதுங்க, மன்னிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்.

லூதர் ஓடலைங்கிறது உண்மை. ஆனா நான் தேவைப்படாத இடத்துக்குப் போக மாட்டேன், என்னால யாருக்கும் தொத்திடக்கூடாதுன்னும் அதே சமயம் எழுதினாரு. கூடவே, ஆஸ்பத்திரி இல்லாத ஊர்ல நாமளே ஒருத்தருக்கொருத்தர் நர்ஸா இருக்கணும்னும் சொன்னாரு. அக்கா, நீங்க தேடுற அந்த ஆளு அன்னைக்கு ராத்திரி வார்டுல இருந்தா. பிபிஇ கிட்டுக்குள்ள வேர்த்து வழிய, ஒரு பக்கம் சொந்த அப்பா, மத்த பெட்டுல எல்லாம் அடுத்தவங்க அப்பா அம்மா. அவருக்காக ஓடுனா இன்னொரு பெட்டுக்கு லேட்டாகும், போகலன்னா மகளா இருக்க முடியாது. அந்தப் பிள்ளைகிட்ட வீட்டுல கேட்ட ஒரே கேள்வி, ஏன் போன் போடலங்கிறது.

அபாத்திரமா, அதாவது தகுதியில்லாம, திருவிருந்து பந்தில கை வைக்கக்கூடாதுன்னு சொல்லித்தானே நம்ம பிள்ளைங்கள முதல் திருவிருந்துக்கு முன்னாடி திடப்படுத்தலுக்கே அனுப்புறோம். விசுவாசம் போனவ கோயிலுக்கே வரமாட்டா. இவ வர்றா, அந்த நேரம் மட்டும் எழும்பிப் போறா. தான் குத்தவாளின்னு நெனச்சுக்கிட்டு நிக்கிறாளோன்னு எனக்குப் படுது. நான் அவகிட்ட பேசினதில்ல, தப்பாவும் இருக்கலாம். ஆனா சுபாவம்னு சொல்லிட்டுப் போறதுக்கு இது ரொம்ப பெரிய விஷயம், அது உங்களுக்கும் தெரியும், இல்லன்னா எனக்கு எழுதியிருக்கவே மாட்டீங்க. ஐயர் மேல கோபப்படுறது லேசு, அவரு ஊர்லயே இல்ல. மக பக்கத்து ரூம்ல இருக்கா.

அப்பா என்ன சொன்னாருன்னு இப்பவும் கேக்காதீங்க. உங்களுக்கு அது வேணும்னு புரியுது, ஆனா அவ தர்ற அன்னைக்குத்தான் கிடைக்கும். "அன்னைக்கு நான் அப்படி கேட்டிருக்கக் கூடாது, அப்பா பக்கத்துல நீ இருந்தேங்கிறதே எனக்குப் போதும்"னு மட்டும் சொல்லுங்க. அவ பதில் பேசாம எழும்பிப் போனாலும் பின்னாடியே போகாதீங்க. அப்புறம், அவ காதுபட ஐயரப் பத்தின புலம்பல நிறுத்துங்க, யாரும் வரலன்னு நீங்க சொல்ற ஒவ்வொரு தடவையும் அவ அங்க இருந்தது கணக்குலயே வராம போகுது.

தூக்கம் இல்ல, டியூட்டிக்குப் போகவே பயப்படுறான்னா 14416க்கு போன் பண்ணச் சொல்லுங்க, அது அரசாங்கத்தோட மனநல உதவி போன், டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம், நைட் டியூட்டி முடிஞ்சு வந்தும் பேசலாம்.