உங்கள் கணினியில் ஓடுகிறது, கடையில் ஏன் ஓடவில்லை?

கேள்வி: காரைக்குடியில் இருந்தபடி ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளுக்கும் சேலைக் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். லேபிள் அச்சிடுவதற்கான ஒரு காம்பொனென்ட்டை (தயாராகக் கிடைக்கும் மென்பொருள் துணைப்பகுதி) புதிதாகச் சேர்த்து அனுப்பினேன். என்னிடம் நன்றாக ஓடியது, தேவகோட்டைக் கடையில் 'விசிரன்டைம்140.டிஎல்எல் காணவில்லை' என்று நின்றுவிட்டது. அனுப்புமுன்பே இதை எப்படிச் சோதிப்பது?

பதில்: அந்தக் கோப்பு, நிரல் எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டூடியோவோடு சேர்ந்து உங்கள் கணினிக்கு வந்திருக்கும். சேலைக் கடையில் விஷுவல் ஸ்டூடியோ எதற்கு இருக்கப் போகிறது? அந்தக் கோப்பைத் தரும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பையும் உங்கள் இன்ஸ்டாலரே நிறுவும்படி செய்யுங்கள். காம்பொனென்ட் 32 பிட் என்றால் தொகுப்பும் 32 பிட்டாக இருக்க வேண்டும். விண்டோஸ் 64 பிட்தானே என்று 64 பிட் தொகுப்பை மட்டும் போட்டால் அதே பிழை திரும்ப வரும்.

சரி, சோதனைக்கு வருவோம். நிரல் எழுதிய கணினியில் இன்ஸ்டாலரைச் சோதிப்பது வீண் வேலை; தேவையானதெல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. எதுவும் ஏற்றாத விண்டோஸ்தான் வேண்டும். ப்ரோ பதிப்பு வைத்திருந்தால் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இருக்கிறது; விண்டோஸுக்குள்ளேயே திறக்கும் தற்காலிகமான தனி விண்டோஸ் அது. மூடியதும் உள்ளே செய்தது எல்லாம் அழிந்து, அடுத்த முறை புதிதாகத் திறக்கும். ஹோம் பதிப்பில் இது கிடையாது. அப்போது கணினிக்குள் இன்னொரு விர்ச்சுவல் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் போட்டு, ஒன்றும் நிறுவாத நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் (திரும்ப அதே நிலைக்கு வருவதற்கான பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், சாண்ட்பாக்ஸ் இருந்தாலும் இதுவும் தேவை. சாண்ட்பாக்ஸ் அட்மின் உரிமையோடுதான் திறக்கும், கடையில் பில் போடுபவருக்கு அந்த உரிமை இருக்காது.

நிறைய இன்ஸ்டாலர்கள் தடுக்கி விழும் இடம் இது. அட்மின் கணக்கில் நிறுவுங்கள். பிறகு சாதாரணக் கணக்கில் நுழைந்து ஒரு லேபிள் அச்சிட்டுப் பாருங்கள். காம்பொனென்ட் தன் செட்டிங்ஸை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுதப் பார்த்தாலோ, நிறுவியவரின் கணக்கில் மட்டும் ரிஜிஸ்டர் ஆகியிருந்தாலோ அங்கேயே தெரிந்துவிடும். அந்தச் சாதாரணக் கணக்குக்கு 'ஆச்சி' என்று தமிழ் எழுத்திலேயே பெயர் வையுங்கள். பயனர் ஃபோல்டரின் பெயரும் தமிழில் அமையும். தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூனிகோடு முறையை அறியாத பழைய காம்பொனென்ட்டுகளுக்கு அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாது, தற்காலிகக் கோப்பைக்கூட எழுத முடியாமல் திணறும்.

கோப்பு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதும் சோதனையில் சேர்த்தி. பென்டிரைவில் எடுத்துப்போய் நிறுவினால், சந்தேகமான கோப்புகளை எச்சரிக்கும் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் பெரும்பாலும் வாய் திறக்காது. பிரவுசரில் இறக்கிய கோப்பு, இணையத்திலிருந்து வந்தது என்ற அடையாளத்தோடு இருப்பதால், டிஜிட்டல் கையெழுத்திடாத இன்ஸ்டாலர் என்றால் நீலத் திரையில் எச்சரிக்கை வரும். கடைக்காரர் பயந்துபோய் மூடிவிடுவார். ஆகவே நீங்களும் இறக்கியே சோதியுங்கள்.

எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர் கோப்பு வகை) தோற்றால் வரும் 1603 என்ற பொதுவான பிழை எண் மட்டும் உதவாது. விரிவான லாக் எழுதச் சொல்லி நிறுவி, அதில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடினால், உண்மையான காரணம் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலே இருக்கும். 3010 என்ற எண் வந்தால் அது பிழையே அல்ல. நிறுவியாயிற்று, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று பொருள். ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பே சில சமயம் இதைத் திருப்பித் தரும். உங்கள் இன்ஸ்டாலர் அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், பழைய பதிப்போடு ஒரு வருட பில் டேட்டா உள்ள கணினியில் புதியதை மேலேயே நிறுவுங்கள். அன்இன்ஸ்டால் செய்தாலும் டேட்டா அப்படியே இருக்க வேண்டும். நிறுவும்போது கரண்ட் போவது நம் பக்கம் நடக்கக்கூடியதுதான். விர்ச்சுவல் கணினியை நடுவில் பவர் ஆஃப் செய்துவிட்டு, மறுபடி நிறுவ முடிகிறதா என்று பாருங்கள்.

இத்தனையும் தேறினாலும் முதலில் ஒரே ஒரு கடைக்குக் கொடுங்கள். சேலைக் கடை என்றால் முகூர்த்த நாட்களை ஒட்டி வேண்டாம்.