பனி அகற்ற எந்த இயந்திரம்?

கேள்வி: கனடாவின் பாரி நகரில் வீடு வாங்கியுள்ளோம். வாசலில் குவியும் பனியை அகற்ற நம்பகமான இயந்திரம் எது?

பதில்: தார்ப் பாதையில் 20 சென்டிமீட்டருக்கு உட்பட்ட புதுப்பனிக்கு திருகுத் தகடே பனியை வாரி வீசும் ஒற்றைக் கட்ட ஸ்னோ புளோவர் (பனி வீசும் இயந்திரம்) போதும். ஆனால் இயந்திரத்தின் வலிமையைச் சோதிப்பது, நகராட்சி வண்டி வீதியைத் துப்புரவாக்கும்போது உங்கள் வாசலில் ஒதுக்கிச் செல்லும், ஈரமேறி இறுகிய பனி வரப்புதான். திருகுத் தகடு வாரும் பனியைத் தனி விசிறி வீசியெறியும் இரட்டைக் கட்ட இயந்திரமே அதற்கு ஏற்றது. சரளைப் பாதைக்கும் அதுவே பொருந்தும். குதிரைத்திறனில் மயங்காமல், கல் சிக்கும்போது தானே முறிந்து பற்சக்கரப் பெட்டியைக் காக்கும் ஷியர் பின் என்ற ஆணி, பெல்ட் போன்ற உதிரிப் பாகங்கள் அருகிலேயே கிடைக்குமா என விசாரியுங்கள். கோடையில் பழைய பெட்ரோல் தேங்கினால் கார்புரேட்டர் அடைபடும். இயந்திரத்தில் பனி அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, கோலால் மட்டுமே நீக்குங்கள்.