முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கு மறுபடி கொரோனா ஊசி போடலாமா?

கேள்வி: கடலூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது, ஒன்பது வருடமாக முடக்குவாதம். ஞாயிறுதோறும் மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி., தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 200 மி.கி., பிரெட்னிசலோன் 5 மி.கி. 2021-ல் கோவிஷீல்டு இரண்டு டோஸ் போட்டபோது நான்கு நாள் மூட்டு வலி அதிகமாக இருந்தது. இன்னொரு டோஸ் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். போடலாமா? மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

பதில்:

போடலாம். எந்தக் கிழமை போடுவது, எந்த மாத்திரையை எத்தனை நாள் தள்ளிவைப்பது என்பதைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். முடக்குவாதம், லூப்பஸ், சொரியாசிஸ் என்று நோயின் பேரை வைத்து யாராவது "போடலாம், போடக்கூடாது" என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள். முடிவு அம்மாவின் மாத்திரைச் சீட்டில் இருக்கிறது.

முதலில் ஒரு பயத்தைத் தள்ளிவைத்துவிடலாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகள் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் கொரோனா ஊசிகளில் அப்படி எதுவும் இல்லை. கோவிஷீல்டில் இருப்பது உடம்புக்குள் பெருக முடியாதபடி மாற்றிய வைரஸ். கோவாக்சினில் இருப்பது செத்த வைரஸ். கோர்பிவாக்ஸில் இருப்பது வைரஸின் ஒரு புரதத் துண்டு மட்டும். ஊசியாலேயே கொரோனா வராது. உண்மையான கேள்விகள் இரண்டுதான்: ஊசி நன்றாகப் பிடிக்குமா, அடங்கிக் கிடக்கும் வாதம் கிளம்புமா.

கிளம்புவது நடக்கக்கூடியதுதான், ஆனால் அதிகம் இல்லை. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு ஊசி போட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதிவேட்டில் தொடர்ந்து பார்த்தது. நோய் கிளம்பியது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு, கடுமையாகக் கிளம்பியது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. கொரோனா வந்தாலும் வாதம் கிளம்பும். அதோடு காய்ச்சல் தீரும் வரை மெத்தோட்ரெக்சேட்டையும் நிறுத்தச் சொல்வார்கள். ஊசியின் ஆபத்தைத் தனியாக எடை போடாமல் இதோடு சேர்த்துப் போடுங்கள்.

அம்மாவுக்கு 2021-ல் வந்த நான்கு நாள் வலி பெரும்பாலும் ஊசியின் மேல்வலியாகவே இருந்திருக்கும். அடுத்த முறை பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. மேல்வலி உடம்பெங்கும் பரவியிருக்கும், இரண்டு மூன்று நாளில் தணியத் தொடங்கும். வாதம் கிளம்பினால் விரல் கணுக்கள் வீங்கும், தொட்டால் சூடாக, அழுத்தினால் மெத்தென்று இருக்கும். காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாமல், காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். இது ஒரு வாரமாகியும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். ஊசி போட்ட முதல் சில நாட்களில் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனைகளைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஊசியே சி.ஆர்.பி.யை ஏற்றிவிடும்.

இனி மெத்தோட்ரெக்சேட், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை. ஊசிக்குப் பிறகு இதை இரண்டு வாரம் தள்ளிவைத்தால் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதம்) ஏறக்குறைய இரு மடங்கு உருவாகிறது என்று 2022-ல் இங்கிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. கொச்சியில் கோவிஷீல்டு போட்டவர்களிடம் நடந்த ஆய்வுகளும் தள்ளிவைப்பதால் பலன் உண்டு என்றே சொல்கின்றன. ஆனால் தள்ளிவைத்தவர்களில் மூட்டு வலி திரும்பியவர்களும் கூடுதல். அதனால் நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்தால் மட்டும் தள்ளிவைப்பது நல்லது என்பது என் கருத்து. வீக்கம் இன்னும் முழுசாக வடியாதவர் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே ஊசி போட்டுக்கொள்ளட்டும். ஒரு வாரமா இரண்டு வாரமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அம்மாவின் நோய் அப்படி அடங்கியிருந்து, மருத்துவரும் இரண்டு வாரம் என்று சொன்னால் கணக்கு இப்படி வரும். சனிக்கிழமை ஊசி. மறுநாள் ஞாயிறு மாத்திரை வேண்டாம், அதற்கடுத்த ஞாயிறும் வேண்டாம், மூன்றாவது ஞாயிறு பழையபடி 15 மி.கி. காலண்டரில் அந்த இரண்டு ஞாயிற்றையும் சிவப்பு மையால் அடித்துவைத்துவிடுங்கள். ஃபோலிக் ஆசிட் சாப்பிடுகிறார் என்றால் அது வழக்கம்போல் போகட்டும். ஊசிக்கு முன்னால் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஊசி கிடைக்கும் என்று நம்பி மாத்திரையை விட்டுவிட்டு மூன்று வாரம் அலைவது வீண் தொல்லை.

இங்கே தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு, உயிருக்கே ஆபத்தானது. விட்ட இரண்டு வார மாத்திரையையும் மூன்றாவது ஞாயிறு சேர்த்துச் சாப்பிடுவது, அல்லது மறுபடி தொடங்கும்போது தினமும் ஒன்று என்று எடுத்துக்கொள்வது. வாய் முழுக்கப் புண் வரும், ரத்த அணுக்கள் சரிந்துவிடும். விட்டது விட்டதுதான். வாரத்துக்கு ஒரு நாள், அந்த ஒரு வார அளவு மட்டும். மாத்திரை டப்பாவை வீட்டில் ஒருவர் கையில் வைத்திருங்கள்.

பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு மாத்திரை, அதை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். வருடக்கணக்கில் சாப்பிடுபவரின் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துவிட்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம், வாந்தி வரும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் அப்படியே தொடரட்டும்.

இதே கேள்வியோடு வரும் மற்றவர்களுக்கு: எதிர்ப்பு சக்தியை அடக்கும் வேறு மாத்திரைகளான மைக்கோபினோலேட், டோஃபாசிட்டினிப் சாப்பிடுபவர்களுக்கு ஊசிக்குப் பின் ஒரு வாரம் அளவில் தள்ளிவைக்கச் சொல்வதுண்டு, கட்டாயம் மருத்துவரைக் கேட்ட பிறகே. ரிட்டுக்ஸிமாப் போடுபவர்களுக்குத்தான் நாள் பார்ப்பது மிகவும் முக்கியம். அந்த மருந்து எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்களையே துடைத்துவிடுவதால், போட்ட கையோடு கொரோனா ஊசி போட்டால் எதிர்ப்பொருள் பெரும்பாலும் உருவாகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுபவர் ஐந்தாவது மாதம் ஊசி போட்டு, நான்கு வாரம் கழித்து அடுத்த ரிட்டுக்ஸிமாப் போடுவது சரியான வரிசை. நோய் முற்றியிருந்தால் அதற்காக ரிட்டுக்ஸிமாப்பைத் தள்ளக்கூடாது.

தைராய்டு, வெண்புள்ளி போல, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தே எடுக்காதவர்களுக்குத் தனி விதி எதுவும் இல்லை. மாறாக ரிட்டுக்ஸிமாப், மைக்கோபினோலேட், தினம் 20 மி.கி.க்கு மேல் பிரெட்னிசலோன், நுரையீரல் பாதிப்பு, இதில் ஏதாவது இருந்தால் கூடுதல் டோஸ் போடச் சொல்லியே நான் வற்புறுத்துவேன். உங்கள் அம்மா நடுவில் நிற்கிறார். 61 வயது, ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் மூன்றும் சேர்வதால் தராசு போடும் பக்கமே சாய்கிறது. அண்மையில் கொரோனா வந்திருந்தால் மூன்று மாதம் பொறுக்கலாம்.

ஊசிக்குப் பதிலாகச் சீந்தில் கொடிப் பொடி கொடுக்கலாமா என்றும் நம் பக்கம் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆட்டோ இம்யூன் நோயில் எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே தன் உடம்பையே தாக்கிக்கொண்டிருக்கிறது, அதைக் கிளறிவிடக் கூடாது. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்திருக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைப் பதம் பார்க்கும் மருந்து.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் 650 போதும். சிறுநீரகம் பாதித்த லூப்பஸ்காரர்கள் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை பக்கம் போகவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் அதை நிறுத்தாமல், ஊசி குத்திய இடத்தைத் தேய்க்காமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் சரி. கோவிஷீல்டு வகை ஊசிக்குப் பின் நான்கு முதல் நாற்பது நாளுக்குள் விடாத தலைவலி, ஒரு கால் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், தோலில் சிவப்புப் புள்ளிகள் வந்தால் ராத்திரி என்றும் பாராமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்தக் கட்டின் அறிகுறியாக இருக்கலாம். மிக அரிது, ஆனால் உடனே பார்க்க வேண்டியது. இரண்டு டோஸ் கோவிஷீல்டு போட்டவர் அடுத்ததற்குக் கோர்பிவாக்ஸ் போடலாம் என்று 2022 ஆகஸ்டிலேயே அனுமதி வந்துவிட்டது. அதனால் கம்பெனி மாறுகிறதே என்ற கவலை வேண்டாம்.

இதையெல்லாம் உட்கார்ந்து கேட்க உங்களுக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் இம்யூனாலஜிக்கு (எதிர்ப்பு சக்தி தொடர்பான நோய்களுக்கு) என்றே தனித் துறை உண்டு. அம்மா அங்கே காட்டுபவர் என்றால் ஓ.பி. சீட்டையும் கடைசி ரத்தப் பரிசோதனையையும் எடுத்துப் போங்கள். யாரும் கட்டாயப்படுத்தினால் பதற வேண்டாம். 2021 டிசம்பரில் புதுச்சேரி அரசு பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் ஊசியைக் கட்டாயமாக்கியது, 2022 மே 2-ல் உச்ச நீதிமன்றமோ யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது. முடிவு அம்மாவுடையது, அவரையும் கூட உட்கார வைத்துப் பேசுங்கள்.

கிளம்பும் முன் ஊசி கையிருப்பில் இருக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள். பல கொரோனா ஊசிகள் 10 டோஸ் குப்பியில் வந்தவை, ஒருவருக்காகத் திறக்கத் தயங்குவார்கள். கிடைக்காமல் போனாலும் அந்தப் பயணம் வீணாகாது. வருடாந்திர ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் அம்மா போட்டிருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் அதே நாளில் அவற்றுக்கும் நாள் குறித்துக்கொண்டு வாருங்கள்.