செபமும் ஊசியும்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

நான் ஒரு கன்னியாஸ்திரி. 34 வருடம் வார்டில் நர்ஸாக இருந்தேன். திருச்சபைச் சட்டம் படித்ததும் அந்த வேலைக்கு நடுவில்தான். விசுவாசம், மருத்துவம், சபை அதிகாரம் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபைக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

கேள்வி: சிஸ்டர், அம்மாவுக்கு 52 வயது, இன்சுலின் போடுகிறார். ஒரு செபக்கூட்டத்தில் கைவைத்து செபித்து, "குணமாகிவிட்டது, இனி ஊசி போட்டால் அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டார்கள். நிறுத்தி நான்கு நாள் ஆகிறது. செப எண்ணெய் மட்டும் தடவிக்கொள்கிறார். எப்படிப் பேசிப் புரியவைப்பது?

தம்பி, பேச்சு அப்புறம். முதலில் சர்க்கரை பாருங்கள். வாந்தி, வயிற்றுவலி, ஓயாத தாகம், மேல்மூச்சு, மூச்சில் பழவாடை, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. இன்சுலினை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறும். சிலருக்கு ஓரிரு நாளே போதும்.

பேச உட்காரும்போது அந்தப் போதகரைத் திட்டாதீர்கள். திட்டினால் அம்மா அவர் பக்கம் சாய்ந்துவிடுவார். மாற்கு முதல் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள். தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கிய இயேசு, அவனை எங்கே அனுப்பினார்? குருவிடம், அதாவது யூதக் கோவில் ஆசாரியரிடம், போய் உன்னைக் காட்டு என்றார். நோய் போய்விட்டதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அன்றைக்குக் குருக்களிடம் இருந்தது. இன்றைக்கு அது லேபில் இருக்கிறது. குணமானது உண்மையென்றால் டெஸ்டுக்கு ஏன் பயப்பட வேண்டும்? கத்தோலிக்க பைபிளில் உள்ள சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் செபிக்கவும் சொல்கிறது, மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. அம்மாவின் பைபிளில் சீராக் இல்லையென்றால், வயிற்று நோய்க்குக் கொஞ்சம் திராட்சை மது சேர்த்துக்கொள் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைக் காட்டுங்கள். பவுல் அவரை விசுவாசம் குறைந்தவர் என்று சொல்லவில்லையே.

என் வார்டில் ஒரு அம்மாள் தலையணைக்கு அடியில் செப எண்ணெய்ப் பாட்டில் வைத்திருந்தார். விரிப்பு மாற்றப் போனால்கூட அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. இருவருமாக ஒரு அருள்நிறை மரியே சொன்னோம். சொல்லி முடித்ததும் அவராகவே முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினார். அடுத்த நாள் நான் வரத் தாமதமானபோது, "செபம் சொல்லி ஊசி போடுற சிஸ்டர் எங்கே?" என்று கேட்டாராம். விசுவாசத்தை விட்டுவிட்டு வா என்று யாரையும் மருத்துவத்துக்குக் கூப்பிடக் கூடாது.

கேள்வி: புதுமைகளை, அதாவது அற்புதங்களை, ஏற்கிற திருச்சபை, குணமளிக்கும் கூட்டங்களை மட்டும் சந்தேகிப்பது ஏன்?

புதுமையை நம்புவதால்தான் சோதிக்கிறது. அன்னை மரியா காட்சி தந்த பிரான்சின் லூர்து நகரில் 1883 முதல் மருத்துவர்கள் உட்கார்ந்து, குணமானதாகச் சொல்கிறவர்களின் பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சாட்சி சொல்லியும், 70ஆவது புதுமை ஏற்கப்பட்டது 2018இல்தான். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த நம் தேவசகாயம் பிள்ளைக்கு 2022இல் புனிதர் பட்டம் கிடைக்கக் காரணமான புதுமை என்ன? ஆறாம் மாதத்தில் துடிப்பு நின்றுவிட்டது என்று சொல்லப்பட்ட வயிற்றுக் குழந்தை மறுபடி அசைந்தது. அதுவும் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் ரோமில் மருத்துவர் குழுவைத் தாண்டிய பிறகே ஏற்கப்பட்டது.

லூர்தில் அந்த அன்னையைக் கண்ட பெர்னதெத்தையும் நினையுங்கள். ஆஸ்துமா, பிறகு காசநோய். மடத்தில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, 35 வயதில் இறந்தார். குணமாகாததற்கு விசுவாசக் குறைவே காரணம் என்பவர்கள், அவருக்கு எது குறைவு என்று சொல்லட்டும். படுக்கையில் கிடப்பவரிடம் போய் அப்படிச் சொல்வதை என்னால் பொறுக்கவே முடியாது.

கேள்வி: பாட்டிக்கு நெஞ்சுவலி. எண்ணெய் பூசி செபிக்கப் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டால் "என்னை அனுப்பப் பார்க்கிறீங்களா" என்று அழுகிறார்.

சாகும் நேரத்தில் குரு எண்ணெய் பூசுவது, அவஸ்தைப்பூசுதல், என்று பழகிய தலைமுறை, அழத்தான் செய்வார். இந்தப் பயம் மிகப் பழையது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்கள் பேரவை, நோயாளியிடம் வரும் மருத்துவர் முதலில் குருவை அழைக்கச் சொல்ல வேண்டும் என்று விதித்தது. காரணமும் சொன்னது: நோய் முற்றியபின் குருவைக் கூப்பிடச் சொன்னால் நோயாளி மனமுடைந்துபோகிறார் என்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் நோயில்பூசுதல் என்ற பெயரே பொருத்தம் என்றது. நோய் கடுமையானாலே பெறலாம், மறுபடியும் பெறலாம். "ஆபரேஷனுக்கு முன்னாடி நானே வாங்கினேன், இப்போ உங்களுக்கு எழுதிக்கிட்டிருக்கேன்" என்று நான் சொன்னதாகப் பாட்டியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மருத்துவ விஷயத்தில் சபை அதிகாரமே தவறியது உண்டா?

உண்டு, தங்கச்சி. நான் இருந்த வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936 வரை கன்னியர் டாக்டராகப் பணி செய்யவோ பிரசவம் பார்க்கவோ திருச்சபை இடம் கொடுக்கவில்லை. கன்னியர் கடவுளுக்குக் கொடுக்கும் கற்பு வார்த்தைப்பாட்டுக்கு, அந்த வாக்குறுதிக்கு, இடறலாகும் என்று பயம். அதன் விலையை இந்த நாட்டுப் பெண்கள் கொடுத்தார்கள். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று வீட்டார் தடுப்பார்கள்; பெண் டாக்டர் இருக்க மாட்டார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் அப்படிப் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தானே அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்து வந்து, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். அவர் புராட்டஸ்டன்ட். எங்கள் பக்கம் கதவு மூடியிருந்தது.

அதைத் தட்டியவர் ஆக்னஸ் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர். ராவல்பிண்டியில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி தொடங்க உழைத்தவர், கன்னியருக்கு அனுமதி கேட்டு ரோமுக்குத் திரும்பத் திரும்ப நடந்தார். 1913இல் அனுமதி கிடைக்காமலே இறந்தார். அவர் தூண்டுதலால் மருத்துவம் படித்த ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல், 1925இல் வாஷிங்டனில் ஒரு மருத்துவ சபையைத் தொடங்கினார். ஆஸ்திரேலிய டாக்டர் மேரி குளோரி, திருத்தந்தை (போப்) பதினைந்தாம் ஆசீர்வாதப்பரின் தனி அனுமதியோடு, 1920இல் குண்டூர் வந்து கன்னியராகவே நோயாளிகளைப் பார்த்தார். 1943இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை உருவாக்கினார். 1936 பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாளன்று, ரோம் தடையை நீக்கியது.

லேபர் வார்டில் முதல் குழந்தையைக் கையில் வாங்கிய அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. பிறகு படித்தபோது அழுதேன். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவள் நான், அதிகாரத்தை மதிக்கிறேன். நோயாளியின் கட்டிலருகே நின்றவர்கள் விடாமல் கேட்டதால்தான் அந்த அதிகாரம் திருந்தியது என்பதையும் மறைக்க மாட்டேன்.

கேள்வி: தம்பிக்குக் காதில் குரல் கேட்கிறது. பேய் என்று ஒரு கோவிலில் தங்கவைக்கச் சொல்கிறார்கள்.

மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஆயரின் தனி அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கு செய்யச் சட்டம் இடம் தராது. அதற்கு முன் நோயா என்று பார்த்தாக வேண்டும். கட்டிப்போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்த இடத்தில் தீப்பிடித்து, சங்கிலியோடு எரிந்து 28 பேர் செத்தார்கள். எந்த மதத்து இடமானாலும் சங்கிலி சங்கிலிதான். 2017 மனநலச் சட்டமும் அதைத் தடுக்கிறது. மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், காசு இல்லை.

கேள்வி: அப்பா வென்டிலேட்டரில். இனிப் பயனில்லை என்கிறார்கள். எடுத்தால் பாவமா?

பாவமில்லை ஐயா. 1957இல் மயக்கமருந்து நிபுணர்களிடம் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் பேசினார். அளவுக்கு மீறிய சிகிச்சையைத் தொடரக் கடமையில்லை என்றார். இறப்பு எப்போது என்று நிர்ணயிப்பது மருத்துவரின் வேலை என்றும் சொன்னார். அப்பாவின் வாயை நனைத்துக்கொண்டு, வலியில்லாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருங்கள்.

கேள்வி: ஒருசந்தி (உபவாச) நாளில் மாத்திரை போடலாமா?

போடுங்கள். பூசையில் நற்கருணை வாங்குவதற்கு முன்னும் மருந்து, தண்ணீருக்குத் தடையில்லை. நோயாளிகளை ஒருசந்தி கட்டுப்படுத்தாது.

கேள்வி: சிஸ்டர், முதலில் எழுதியவன்தான். சர்க்கரை 431. காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி. வருகிறேன் என்கிறார், எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் விட மாட்டேன் என்கிறார்.

பாட்டிலோடு கூட்டிப்போங்கள். 108க்குப் போன் பண்ணுங்கள். கேஷுவாலிட்டியில் "இன்சுலின் நிறுத்தி நான்கு நாள், வாந்தி" என்பதை முதலில் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும். வண்டியில் அம்மா செபம் தொடங்கினால் நீங்களும் கூடச் சொல்லுங்கள், தம்பி.