சத்தமே இல்லாத ஊரில் எப்படி இருப்பது?

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 36 வயது. சொந்த ஊர் தென்காசி. கல்யாணத்துக்கு முன்பு அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். கணவர் மருத்துவர். இங்கிலாந்து வந்த புதிதில் லண்டனில் ஈஸ்ட்ஹாமில் குடியிருந்தோம். வீட்டை விட்டு இறங்கினால் தோசைக்கடை, மல்லிகைப்பூ, நடக்கிற தூரத்தில் மேனர் பார்க் முருகன் கோவில். ஊரை விட்டு வந்த மாதிரியே இல்லை. பிறகு அவருக்கு இங்கிலாந்தின் மேற்கே ஷ்ராப்ஷயரில் வேலை கிடைத்தது. இப்போது லட்லோ என்ற சிறு நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருக்கிறோம்.

ஒரு பழைய சர்ச், ஒரு பப், ஊர்ப் பொதுக்கூடம், கொஞ்சம் கல்வீடுகள், சுற்றிலும் ஆடு மேயும் மேடுகள். அவ்வளவுதான் ஊர். கடை இல்லை. பஸ் எப்போதாவது வரும், ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. தெருவிளக்கும் கிடையாது. டிசம்பரில் சாயங்காலம் 4 மணிக்கே இருட்டிவிடுகிறது. காரை அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். என் இந்திய லைசென்ஸ் இங்கே 12 மாதம்தான் செல்லும், அது எப்போதோ முடிந்துவிட்டது. மறுபடி டெஸ்ட் கொடுக்கத் தைரியம் வரவில்லை. பர்மிங்ஹாம் பக்கத்தில் இருக்கும் டிவிடேல் பாலாஜி கோவிலுக்குப் போக வேண்டுமென்றாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அவருக்கு லீவு வேண்டும்.

இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் யாரிடம் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எதிரில் பார்த்தால் சிரிப்பார்கள், மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள், போய்விடுவார்கள். ஒருவர்கூட வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை. பொங்கலன்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனேன். வாசலில் வைத்தே வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். உள்ளே வா என்று சொல்லவில்லை. சில நாள் கழித்து, கழுவிய டப்பாவும் நன்றி அட்டையும் ஒரு பாட்டில் ஜாமும் என் வாசலில் இருந்தன. கதவைத் தட்டக்கூட இல்லை! ஆகஸ்டில் யாரோ பெரிய பெரிய சீமைச் சுரைக்காய்களை வைத்துவிட்டுப் போனார்கள். குப்பைத் தொட்டியை வெளியே வைக்க மறந்த நாளில் யாரோ இழுத்து வைத்திருந்தார்கள். யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. பேய்களோடு குடியிருக்கிற மாதிரி இருக்கிறது.

ராத்திரி தூக்கம் வருவதில்லை. மத்தியானம் சாப்பிடத் தோன்றுவதில்லை. இருட்டத் தொடங்கியதும் காரணமே இல்லாமல் அழுகிறேன். ஏழு வயதுப் பையன், “அம்மா, ஸ்கூல் வாசல்ல தமிழ்ல பேசாத” என்கிறான். கணவரிடம் சொன்னால், “இந்த அமைதி யாருக்குக் கிடைக்கும்? கொடுத்து வச்சிருக்கணும்” என்கிறார். அவருக்கு இந்த ஊர் அவ்வளவு பிடித்துவிட்டது. லண்டனுக்கே போய்விடலாம் என்று நான் கேட்பது நியாயமா? இல்லை, நான்தான் மாற வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஷ்ராப்ஷயர்

அன்புச் சகோதரிக்கு,

ஊரைப் பற்றிப் பிறகு பேசுவோம். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருட்டினால் அழுகை என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு முதலில் உங்கள் ஜிபியை, அதாவது குடும்ப மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் குறைந்த மாதங்களில் மனம் சோர்வது அந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே வருவதுதான். வருடமெல்லாம் வெயில் காய்ந்த உடம்புக்கு அது இன்னும் புதிது. நம்மைப் போன்ற கருத்த தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதுமே தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதை யோசிக்கலாம் என்று அந்த நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சொல்கிறது. அதையும் ஜிபியிடம் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு ஜிபியின் கடிதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸ் சேவையில் நீங்களே பதிவு செய்யலாம். தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். உயிரோடு இருப்பதே வீண் என்ற எண்ணம் எந்த நிமிடம் வந்தாலும், என்.எச்.எஸ். எண்ணான 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்துங்கள். மனம் நொந்தவர்களின் பேச்சைக் கேட்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 எண்ணும் இரவு பகல் எந்நேரமும் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

இனி அந்த ஊருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த இடம், நீங்கள் மனம் கசந்து எழுதிய இடம்தான். ஜாம் பாட்டில், சுரைக்காய், குப்பைத் தொட்டி. உங்களை விலக்கி வைத்தவர்கள் செய்யும் காரியங்களா இவை? நம் ஊரில் அன்பு இருந்தால் கதவைத் தட்டும், உள்ளே வந்து உட்காரும், காபி கேட்கும், ஏன் இளைத்துவிட்டாய் என்று விசாரிக்கும். ஆங்கிலேயக் கிராமத்தில், அதிலும் வயதானவர்களிடம், ஒருவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே பெரிய மரியாதை. சொல்லாமல் வருவதும், உள்ளே கூப்பிட்டு எதிராளியை இக்கட்டில் வைப்பதும் அவர்களுக்குக் கூச்சம். அந்தப் பெரியம்மா தட்டாமல் போனது, உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்றுதான் இருக்கும். அந்த ஜாமும் பெரும்பாலும் அவர் கையால் காய்ச்சியதாகத்தான் இருக்கும்.

அதற்காக அங்கே எல்லாரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. நிறத்தை வைத்து ஒருவர் உங்களை அவமதித்தால் அது கூச்சமும் இல்லை, பண்பாடும் இல்லை. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவே மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

அந்த ஊர்களில் வீட்டு வாசல் வழியாகச் சிநேகம் வளருவது அபூர்வம். ஏதாவது ஒரு வேலையைப் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்யும்போதுதான் வாய் திறக்கும். பொதுக்கூடத்தில் காபி மார்னிங் என்று, காலையில் கூடிக் காபி குடித்துப் பேசுகிற நிகழ்ச்சி நடக்கிறதா பாருங்கள், அநேகமாக இருக்கும். சர்ச்சும் ஊர்ச்சபையும் கொண்டுவரும் சிற்றிதழிலும் அறிவிப்புப் பலகையிலும் எல்லாம் எழுதியிருப்பார்கள். விமென்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற பெண்கள் சங்கத்தின் கிளை பக்கத்தில் இருந்தால் போங்கள். முதல் உலகப் போரின் நடுவே, 1915-ல், வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் பிரிட்டனின் முதல் கிளை தொடங்கியது. கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூட வேண்டும், உணவு உற்பத்தி பெருக வேண்டும் என்பதுதான் அன்றைய நோக்கம். இன்று நாடெங்கும் கிளைகள் இருக்கின்றன. சேருவதற்கு முன் விருந்தாளியாக ஒருமுறை போய்ப் பார்க்கலாம். முதல் தடவை யாரும் பேசாவிட்டால் மனம் தளர்ந்துவிடாதீர்கள். தேநீர் ஊற்றவோ நாற்காலி அடுக்கவோ நீங்களாகப் போய் நில்லுங்கள். அடுத்த முறையும் அதே நேரத்துக்குப் போங்கள். தொடர்ந்து வருகிற முகத்தைத்தான் அவர்கள் தங்கள் ஆளாக எடுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் கணக்கு டீச்சர் என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அதை விட மனமில்லை. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகள் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தன்னார்வலர்கள் தேவைப்படுவார்கள். அலுவலகத்தில் கேளுங்கள். டிபிஎஸ் எனப்படும் பின்னணிச் சரிபார்ப்பு இருக்கும், அதைப் பள்ளியே ஏற்பாடு செய்யும். உங்கள் பையனுக்கும் இது உதவும். ஏழு வயதில் எல்லாக் குழந்தைக்கும் மற்றவர்களைப் போலவே இருக்க வேண்டும் என்ற ஆசை வரும். தன் அம்மாவைப் பள்ளியில் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்த்தால் அந்தக் கூச்சம் மெல்லக் குறையும். அவனோடு தமிழில் பேசுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2018-ல் பிரிட்டிஷ் அரசு தனிமையைக் கவனிக்கவென்றே ஓர் அமைச்சருக்குப் பொறுப்பு கொடுத்தது. அந்த நாட்டுக்காரர்களையே தனிமை அவ்வளவு வாட்டுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா தனியாக இருக்கிறாரா? அவருடைய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? “வியாழக்கிழமை 11 மணிக்குத் தேநீருக்கு வருகிறீர்களா?” என்று நாளும் நேரமும் குறித்துக் கேட்டுப் பாருங்கள். அங்கே அழைப்பென்றால் அதுதான். எப்போது வேண்டுமானாலும் வாங்க என்றால் வரமாட்டார்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் எனக்கு உங்கள் கணவர்மேல் வருத்தம் உண்டு. கார் இல்லாமல் அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் இருப்பது அமைதி இல்லை, அடைபட்டுக் கிடப்பது. அவர் வேலைக்குப் போகிறார், அங்கே பத்துப் பேரோடு பேசுகிறார், பிறகு அமைதிக்குத் திரும்புகிறார். அது அவருக்கு ஓய்வு. உங்களுக்கு அந்த அமைதியைத் தவிர வேறு எதுவும் இல்லையே! இந்தப் பத்தியை அவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கான புரொவிஷனல் லைசென்ஸுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள், பயிற்சிச் செலவு குடும்பச் செலவாகவே இருக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு டிவிடேலுக்கு என்று அவருடைய டியூட்டி பட்டியல் வந்ததுமே குறித்து வையுங்கள்.

வெளிச்சம் இருக்கும்போது நடங்கள். மஞ்சள் அம்புக்குறி போட்ட பாதை பண்ணை வயலுக்குள் போனாலும் அது பொதுப்பாதை. உங்களுக்கும் அதில் நடக்கும் உரிமை உண்டு, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

லண்டனுக்குத் திரும்பக் கேட்பது முழுக்க நியாயம். ஒரு ஊர் ஒத்துவரவில்லை என்று சொல்வதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை. ஆனால் குளிர்காலத்தின் நடுவில், தூக்கமில்லாமல், அந்த முடிவை எடுக்க வேண்டாம். சிகிச்சை தொடங்கட்டும், வண்டி கைக்கு வரட்டும், ஒரு கோடை போகட்டும். செப்டம்பரில் இருவரும் உட்கார்ந்து பேசுவதென்று இப்போதே ஒரு தேதி குறியுங்கள். அன்றைக்கும் உங்கள் மனம் ஈஸ்ட்ஹாம் என்றே சொன்னால், மாற்று வேலை தேடும் பொறுப்பு அவருடையது. அதை அவர் இன்றே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜிபி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்