ஊருக்குச் சொந்தமான கரண்ட்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா நகரத்துக்கென்றே சொந்தமாக ஒரு மின் வாரியம் இருக்கிறது. பெயர் எலக்ட்ரிக் பவர் போர்டு, சுருக்கமாக இ.பி.பி. அந்த ஊரில் குடியிருப்பவர்களும் மற்றவர்களும் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: இதற்கு முன் இருந்த ஊரில் தனியார் கம்பெனி கரண்ட். இங்கே ‘ஊருக்குச் சொந்தம்’ என்கிறார்கள். அதனால் எங்களுக்கு என்ன வித்தியாசம்?
– வாசகி, ஹிக்சன்

பங்குதாரர் யாரும் இல்லை, ஆகவே லாபப் பங்கு என்று பணம் வெளியே போவதில்லை. 1935-இல் மாநிலச் சட்டத்தின் மூலம் உருவான வாரியம் இது. அதுவரை கரண்ட் கொடுத்துவந்த தனியார் கம்பெனியின் கம்பங்களையும் கம்பிகளையும் வாங்கி, 1939-இல் விநியோகத்தைத் தொடங்கியது. ஐந்து பேர் கொண்ட குழு நிர்வகிக்கிறது. அவர்களை மேயர் நியமிக்கிறார், நகர மன்றம் ஒப்புதல் தருகிறது.

கட்டணம் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். இ.பி.பி. விற்கும் கரண்டில் பெரும்பகுதி டி.வி.ஏ. எனப்படும் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்திடமிருந்து மொத்தமாக வாங்குவது. இது 1933-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். நீங்கள் கட்டும் பில்லில் பெரும் பங்கு அங்கேதான் போகிறது. எரிபொருள் செலவுக்கேற்ப ஒரு பகுதி மாதா மாதம் கூடிக் குறையும். எனவே கட்டண உயர்வு அறிவிப்பு வந்தால், உயர்த்துவது டி.வி.ஏ.வா, இ.பி.பி.யா என்று முதலில் பாருங்கள். இரண்டாவதானால் உள்ளூர்க் குழுவிடமே கேள்வி கேட்கலாம். ஊர் வாரியத்தின் உண்மையான பலம் அதுதான். பலர் அதைப் பயன்படுத்துவதில்லை என்பது வருத்தம். டி.வி.ஏ. குழுவையோ ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஏற்கிறது.

கேள்வி: புயல் அடித்தால் எதிர் வீட்டில் நிமிஷத்தில் கரண்ட் வந்துவிடுகிறது. எங்கள் வரிசையில் மட்டும் மணிக்கணக்காக இருட்டு. ஏன்?
– வாசகர், ஊல்டேவா

உங்கள் வரிசைக்குக் கரண்ட் வருவது பெரும்பாலும் பிரதான லைனிலிருந்து பிரியும் கிளை லைனில். இரண்டிலும் பழுது சரியாகும் விதமே வேறு.

பிரதான லைன்களில் சுமார் 1,200 தானியங்கி ஸ்விட்சுகள் உள்ளன. 2009-இல் மத்திய எரிசக்தித் துறை தந்த 11.15 கோடி டாலர் மானியத்தின் துணையோடு இவை அமைந்தன. பழைய வகை ஸ்விட்ச், மரக்கிளை விழுந்த லைனை முழு வோல்டேஜில் மூன்று நான்கு முறை மறுபடி இணைத்துப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் ஷார்ட் சர்க்யூட்டின் முழு வேகமும் கம்பியிலும் ட்ரான்ஸ்ஃபார்மரிலும் பாயும், அந்தப் பகுதி முழுக்க விளக்கு மினுக்கும். புதிய ஸ்விட்ச் அப்படி இணைக்காது. கணநேரம் மட்டும் ஒரு சின்னத் துடிப்பை அனுப்பி, பழுது இன்னும் இருக்கிறதா என்று சோதிக்கும். இருந்தால் திறந்தபடியே, அதாவது கரண்டைத் துண்டித்தபடியே, நின்றுவிடும். பழுதுக்கு மறுபக்கத்து ஸ்விட்சும் திறந்துகொள்ள, பக்கத்து லைனிலிருந்து மீதிப் பகுதிக்குக் கரண்ட் திரும்பும். ஸ்விட்சுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது ஃபைபர் வழியாக.

கிளை லைனில் இருப்பது பெரும்பாலும் வெறும் ஃபியூஸ். ‘டமார்’ என்ற சத்தம் கேட்டிருக்குமே, அது ஃபியூஸ் போன சத்தமாக இருக்கலாம். மரத்தை அகற்றி, புது ஃபியூஸ் போட ஆள் நேரில் வந்தாக வேண்டும்.

புகார் செய்யுமுன் மீட்டரைப் பாருங்கள். திரையில் எண்கள் தெரிந்தால் கரண்ட் வீடு வரை வந்துவிட்டது, மெயின் பிரேக்கரை, அதாவது வீட்டின் மொத்தக் கரண்டையும் துண்டிக்கும் ஸ்விட்சை, சோதியுங்கள். திரை வெறுமையாக இருந்தால் கோளாறு வெளியே.

கேள்வி: சில விளக்குகள் கண் கூசும்படி எரிகின்றன, சில மங்குகின்றன.
– வாசகி, சட்டனூகா

மெயின் பிரேக்கரை உடனே அணைத்துவிட்டு இ.பி.பி.க்கு அவசர அழைப்பு விடுங்கள். இது நியூட்ரல் எனும் நடுக் கம்பி கழன்றதன் அறிகுறி. அமெரிக்க வீடுகளுக்கு 240 வோல்ட் வந்து, நடுவில் நியூட்ரலால் 120, 120 என்று பிரிகிறது. நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. ஒன்றில் 80-க்கு இறங்கினால் மற்றதில் 160-க்கு ஏறும். டி.வி., ஃபிரிட்ஜ் கருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

கேள்வி: ஜெனரேட்டரைக் கராஜில் உள்ள துணி உலர்த்தி பிளக்கில் செருகி வீடு முழுக்க ஓட்டலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், ரெட் பேங்க்

கூடவே கூடாது. உங்கள் தெருக் கம்பத்து ட்ரான்ஸ்ஃபார்மர் 7,200 வோல்ட்டை 240 ஆக, அதாவது முப்பதில் ஒன்றாகக் குறைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பரவலாக உள்ள வகை இது. அதற்குள் எதிர்த்திசையில் 240 வோல்ட்டைச் செலுத்தினால் மறுபக்கம் முப்பது மடங்காகி 7,200 வோல்ட் எழும். லைன் செத்திருக்கிறது என்று கம்பத்தில் கை வைக்கும் லைன்மேனின் உயிர் போகும். மெயின் பிரேக்கரை அணைத்துவிடுகிறேன் என்பதும் சமாதானமல்ல. இருட்டில், அவசரத்தில், வீட்டில் வேறொருவர் அதைப் போட்டுவிட ஒரு நொடி போதும்.

முறையான வழி, லைன் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும்படி, அனுமதி பெற்று எலெக்ட்ரீஷியன் பொருத்தும் மாற்று ஸ்விட்ச், அல்லது மெயினும் ஜெனரேட்டர் பிரேக்கரும் ஒரே நேரத்தில் ஆன் ஆக முடியாதபடி தடுக்கும் பூட்டுத் தகடு. அது இல்லாதவரை வெளியில் பயன்படுத்தத் தக்க 12 கேஜ் எக்ஸ்டென்ஷன் வயரால் ஃபிரிட்ஜை நேராக ஜெனரேட்டரிலேயே இணையுங்கள். ஜெனரேட்டர் கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வெளியே இருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்தாலும் கராஜுக்குள் ஓட்டக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேள்வி: இந்தியாவில் இப்படி ஊர் நிர்வாகமே கரண்ட் தருவது உண்டா?
– வாசகர், கோவை

உண்டு. கேரளத்தில் திருச்சூர் மாநகராட்சிக்குச் சொந்த மின் துறை இருக்கிறது. மும்பையில் மாநகராட்சியின் ‘பெஸ்ட்’ நிறுவனம் 1947 முதல் பேருந்தும் ஓட்டுகிறது, தீவு நகரப் பகுதிக்குக் கரண்டும் தருகிறது.

கேள்வி: மரம் விழுந்து, வீட்டுச் சுவரில் கரண்ட் வயர் இறங்கும் குழாயும் மீட்டர் பெட்டியும் பிய்ந்து தொங்குகின்றன. யார் சரிசெய்ய வேண்டும்?
– வாசகி, சிக்னல் மவுண்டன்

கம்பத்திலிருந்து வரும் கம்பியும் மீட்டரும் பொதுவாக வாரியத்தின் பொறுப்பு. குழாய், அதன் தலைப்பகுதி, உள்ளே இறங்கும் வயர், மீட்டர் பெட்டி ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. எதையும் தொடாமல் முதலில் வாரியத்தை அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். பிறகு லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன், அடுத்து உள்ளூர் ஆய்வாளரின் ஒப்புதல், அதன்பின் மறு இணைப்பு. ஒப்புதல் இல்லாமல் லைன்மேன் இணைக்க மாட்டார் என்பதால், எலெக்ட்ரீஷியனைப் பேசும்போதே ஆய்வுக்கு விண்ணப்பிப்பது யார் என்று கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக் காப்பீட்டுக்காக, பழுது பார்க்குமுன் தூர நின்று படம் எடுத்து வையுங்கள்.